கடலோர விடுதிப் பள்ளிக்கு மகளை அனுப்பலாமா?

தெம்பனிஸில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: உயர்நிலை 4 படிக்கும் மகள், வேல்ஸ் கடற்கரையில் இருக்கும் அட்லாண்டிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கோட்டையும் கடலும் சேர்ந்து தெரியும் படங்களைப் பார்த்த நாள் முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. அப்பாவுக்கோ மூன்று தயக்கங்கள். கடலோர வளாகம் என்பது படம் பிடிக்க உதவுவதைத் தவிர வேறு எதற்கு? ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்துத் தங்கும் இடம் சரிப்பட்டு வருமா? அதே அமைப்பின் பள்ளி தெம்பனிஸிலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் பறந்து போவானேன்? இவற்றோடு, அக்காவைப் பார்த்துத் தம்பியும் இப்போதே பெட்டி கட்டத் தயாராக இருக்கிறானாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சிறியது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். அட்லாண்டிக் கல்லூரி சேர்ந்திருக்கும் யுனைடெட் வேர்ல்டு காலேஜ் என்ற குடும்பத்தில் உலகெங்கும் 18 பள்ளிகள் உண்டு. அவற்றில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் 1971-இல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டபோது டோவர் சாலையில் காலியான ராணுவப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டடத்தில், சிங்கப்பூர் அனைத்துலகப் பள்ளி என்ற பெயரில் தொடங்கியது. திறந்துவைத்தவர் பிரதமர் லீ குவான் இயூ. 1975-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருப்பது அதன் இரண்டாவது வளாகம். இரண்டிலும் விடுதி உண்டு, இரண்டிலும் கடல் இல்லை. ஆனால் உங்கள் மகள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால், கல்வி அமைச்சின் அனுமதி இல்லாமல் அங்கே சேர முடியாது. வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. எனவே வீட்டெதிரே பள்ளி இருக்கிறதே என்ற வாதம் பேசுவதற்கு நன்றாக இருக்கிறதே தவிர, நடைமுறையில் உங்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருக்கிறது. குடிமக்கள் சேரக்கூடிய தனியார் அனைத்துலகப் பள்ளிகள் இருக்கின்றன: ஆங்கிலோ சீனப் பள்ளி, ஹுவா சோங், செயின்ட் ஜோசப் ஆகியவற்றின் அனைத்துலகக் கிளைகள். அட்லாண்டிக் கல்லூரியில் சொல்லித்தரும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியா) பட்டயப் படிப்பு மூன்றிலும் உண்டு. ஐபிதான் குறிக்கோள் என்றால் வேல்ஸ் தேவையே இல்லை.

ஆகவே உங்கள் கணவரின் முதல் கேள்விதான் உண்மையான கேள்வி. அந்தக் கடல் எதற்கு?

இதற்குக் குர்ட் ஹான் என்ற மனிதரிடம் போக வேண்டும். பெர்லினில் 1886-இல் யூதக் குடும்பத்தில் பிறந்த கல்வியாளர். ஜெர்மனியின் கடைசிப் பேரரசுத் தலைமை அமைச்சராக இருந்த பாடன் இளவரசர் மாக்ஸின் செயலாளராக இருந்து, அவரோடு சேர்ந்து 1920-இல் சாலெம் பள்ளியைத் தொடங்கினார். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933-இல் சிறை. பிரிட்டனில் இருந்த செல்வாக்குள்ள நண்பர்கள் குரல் கொடுத்ததால் வெளியே வந்து, அந்த நாட்டுக்கே குடிபெயர்ந்து, 1934-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையோரம் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். புத்தகப் படிப்பும் விளையாட்டும் மட்டும் போதாது, ஆபத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவும் பொறுப்பு இளம் வயதிலேயே கைக்கு வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கார்டன்ஸ்டன் மாணவர்கள் கடலோரக் காவல் பணியில் முறை வைத்துக் கண்காணிப்பு செய்தார்கள். கடலைத் தேடி அவர் போனது காட்சிக்காக அன்று. கரையில்தான் மெய்யான ஆபத்தும் மெய்யான வேலையும் கிடைக்கின்றன என்பதற்காக.

உங்கள் மகளுக்கு இவர் முற்றிலும் அந்நியரும் அல்லர். 1941-இல் ஹானும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் சேர்ந்து, வேல்ஸில் உள்ள அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஹோல்ட் நடத்தியது புளூ ஃபனல் கப்பல் நிறுவனம். பழைய சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்த நீலப் புகைபோக்கிக் கப்பல்களைத் தெரியும். மான்ஸ்ஃபீல்டு நிறுவனம் இங்கே அவற்றின் முகவராக இருந்தது. மலாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்றவையும் அந்தக் கப்பல்கள்தாம். போரில் கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, வலுவான இளைஞர்கள் மனம் விட்டு முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கணிப்பு. அந்தக் கவலையில் பிறந்த பயிற்சி, அமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியில் 1967-இல் நம் புலாவ் உபின் தீவுக்கு வந்தது. உயர்நிலை 3-இல் உங்கள் மகள் உபினில் ஐந்து நாள் முகாமுக்குப் போயிருந்தால், அவள் கயாக் துடுப்பைப் பிடித்ததற்கும் இந்த வேல்ஸ் பள்ளிக்கும் மூலவர் ஒருவரே.

அந்த முகாமைப் பற்றி அவளிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். கூடாரம், கொசு, ஈரக் காலணி இதையெல்லாம் சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தால் அது ஒரு பதில். குழுவில் பின்தங்கிய தோழியின் படகை இழுத்து வந்ததைப் பற்றிப் பேச்செடுத்து அதிலேயே நின்றால் அது வேறு பதில். என் கணக்கில் பள்ளியின் விளம்பரப் படங்களைவிட இந்த உரையாடல் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இப்போது அட்லாண்டிக் கல்லூரி. ஹானின் எண்ணத்தில் உருவாகி, 1962-இல் செயின்ட் டொனாட்ஸ் என்ற இடைக்காலக் கோட்டையில் தொடங்கியது. கார்டிஃப் நகருக்கு மேற்கே, செங்குத்தான பாறைக் கரையின் மேல் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1925-இல் விலைக்கு வாங்கி, தம் ஆசைக்கேற்ப மாற்றிக் கட்டிய கோட்டை அது. அரச குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி என்று இதழ்கள் எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். நெதர்லாந்தின் வில்லெம் அலெக்சாண்டர், ஸ்பெயினின் இளவரசி லியோனோர் எல்லாம் அங்கே படித்தவர்கள் என்பது உண்மைதான். அதனால் உங்கள் மகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே போகலாம்.

முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் பாய்மரப் படகு பழகினார்கள். கவிழ்பவர்களைத் தூக்க, கூடவே ஒரு மீட்புப் படகு வேண்டும். காற்றடைத்த ரப்பர் படகுகள் இலேசானவை, அலையில் மிதக்கும், மனிதரை ஏற்றுவதும் எளிது. ஆனால் அந்தக் கூழாங்கல் கரையில் இழுத்து இழுத்து அவற்றின் துணி அடிப்பகுதி தேய்ந்து கிழிந்தது. மாணவர்கள் ஒட்டுப்பலகையை அடியில் பொருத்திப் பார்த்தார்கள். அடுத்து, அலையைக் கிழித்து ஓடும் கூரான கடின அடிப்பாகத்தின் மேல் காற்றுக் குழாய்களைச் சுற்றிக் கட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைப் படகுகள். உடைந்தால் மறுபடியும் பட்டறை. அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகெங்கும் கடற்படைகளும் மீட்புப் படைகளும் பயன்படுத்தும் கடின அடிப்பாக ரப்பர் படகு. காப்புரிமையை ஹோர் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாற்றிக் கொடுத்தார். பிரிட்டனின் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் 1972-இல் சேவையில் சேர்த்த படகு வகைக்கு அட்லாண்டிக் 21 என்று பெயர். கல்லூரியின் பெயரும் 21 அடி நீளமும். அதன் வழித்தோன்றல்கள் இன்றும் அதே குடும்பப் பெயரோடு ஓடுகின்றன. சாங்கியில் பாய்மரப் பயிற்சி நடக்கும் நாளில் கரையில் நின்று பாருங்கள், பிள்ளைகளின் படகுகளுக்கு நடுவே பயிற்சியாளர் ஓட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த இனத்துப் படகாகத்தான் இருக்கும்.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு நடுவே செய்த வேலை இது. யாரும் மதிப்பெண் போடவில்லை. 1963 முதல் 2013 வரை அந்தக் கல்லூரியில் உயிர்காப்புப் படகு நிலையம் ஒன்று அதிகாரபூர்வமாக இயங்கியது. அழைப்பு மணி அடித்தால் மாணவர்கள் புறப்பட்டுப் போவார்கள். ஆபத்தில் இருப்பவர் மெய்யானவர், கடலும் மெய்யானது.

உங்கள் கணவரின் இரண்டாவது கேள்விக்கும் பதில் இந்தப் படகுத்துறையிலேயே கிடைக்கிறது. முதல் ஐந்தாண்டுகள் அது ஆண்கள் பள்ளி. 1967-இல்தான் பெண்களைச் சேர்த்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1969-இல், நார்வேயிலிருந்து வந்த எலிசபெத் ஹோஸ்ட்வெட் என்ற 18 வயது மாணவி, கரையோர மீட்புப் படகுக்குத் தலைமை தாங்கும் தகுதியை அந்த உயிர்காப்பு நிறுவனத்திடமிருந்து பெற்றார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர். பெரிய பெரிய துறைமுகங்களில் நடக்காதது ஒரு பள்ளிக்கூடத்துப் படகுத்துறையில் நடந்தது. இருபாலர் பள்ளி என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது இரவு நேரக் கவலைதான். அது தேவையில்லாத கவலை என்று சொல்ல மாட்டேன். விடுதி இல்லங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. பல நாட்டுப் பிள்ளைகள் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வார்கள். இரவு எத்தனை மணிக்கு மேல் யார் எங்கே இருக்கலாம், மீறினால் என்ன நடக்கும், விடுதியிலேயே தங்கும் ஆசிரியர் யார், அவர் அந்தப் பொறுப்பில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நன்றாக நடக்கும் விடுதி இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாது. மழுப்பலாகப் பதில் சொல்லும் பள்ளி எவ்வளவு அழகான கோட்டையில் இருந்தாலும் விலகிவிடுங்கள்.

ஆனால் இருபாலர் பள்ளியின் பயன் விடுதி வாசலில் இல்லை. படகில் நான்கு பேர் போகும்போது சுக்கான் யார் கையில் இருக்கிறது, வயர்லெஸ்ஸில் பேசுவது யார், கரையில் தேநீர் போடுவது யார் என்பதில் இருக்கிறது. கலப்புப் பள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டு, பெண் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவைக்கும் இடங்களும் உண்டு. இப்போது கடற்பணிகளுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாணவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

அந்த உயிர்காப்பு நிலையம் 2013-இல் மூடப்பட்டுவிட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே பழைய பெருமையைக் கேட்டுவிட்டு விண்ணப்பம் போடக் கூடாது. நேர்காணலுக்கு வாய்ப்புக் கிடைத்தால் மகளையே கேட்கச் சொல்லுங்கள்: இந்தப் பருவத்தில், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், மாணவர்கள் கடலில் என்ன செய்கிறார்கள்? யாருக்காகச் செய்கிறார்கள்? கரையோர நீர்நிலைகளைக் கவனிப்பதா, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதா, வெறும் பொழுதுபோக்குக்குப் படகு விடுவதா? மூன்றும் நல்லவைதாம். ஆனால் கடைசி ஒன்றுக்காக வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை. ஈஸ்ட் கோஸ்ட்டிலும் கல்லாங்கிலும் சனிக்கிழமை காலை அதைச் செய்துவிடலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த, 1974-இல் கனடாவின் பெடர் விரிகுடாவில் திறந்த பியர்சன் கல்லூரியில், மாணவர்களும் ஆசிரியர்களும் பக்கத்துப் பாறைத் தீவுகளைச் சுற்றிய கடலில் மூழ்கி உயிரினங்களைக் கணக்கெடுத்து, 1980-இல் ரேஸ் ராக்ஸ் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அரசு அறிவிக்கும் வரை விடவில்லை. கடலோர வளாகம் என்றால் நான் தேடுவது இந்த மாதிரிக் காரியத்தை.

நீச்சல் சுமார்தான் என்று மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் கடல் என்று நினைப்பது ஒன்று, அங்கே இருப்பது வேறு. நம் கடல் ஆண்டு முழுவதும் 29 டிகிரி சுற்றி இருக்கும். செயின்ட் டொனாட்ஸில் குளிர்காலத்தில் பத்துக்கும் கீழே போய்விடும். அந்த நீரில் விழுந்தவுடன் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். முதல் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடித்துத் திணறுவார். ஓதமும் அப்படித்தான். சிங்கப்பூரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அதிகம் போனால் மூன்று மீட்டர். பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் அது 14 மீட்டரைத் தொடும், உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. செயின்ட் டொனாட்ஸ் அதே கால்வாயின் கரையில்தான் இருக்கிறது. காலையில் நடந்துபோன பாறைத்திட்டு பிற்பகலில் கடலடியில் இருக்கும். கரையோரப் பாறைகள் சரிந்து விழுவதும் உண்டு.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் ஸ்விம்சேஃபர் சான்றிதழ் வாங்கியதோடு நின்றிருந்தால், இப்போதே நீச்சல் குளத்துக்குத் திரும்பட்டும். வேகம் வேண்டாம். உடை, உயிர்காப்பு மேலங்கி எல்லாம் அணிந்தபடி பதற்றமில்லாமல் மிதக்கப் பழகினால் போதும். பள்ளியிடம் கேட்க வேண்டியது: கடலில் இறங்குமுன் எந்தத் தேர்வு, குளிர்காப்பு உடையைத் தருவது யார், ஓத அட்டவணையைப் பிள்ளைகளே படிக்கக் கற்கிறார்களா, பொறுப்பாளரின் தகுதி என்ன. விருப்பமில்லாத பிள்ளையைக் கடலில் இறங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இப்போதைய மன்னர் சார்ல்ஸ் சிறுவயதில் கார்டன்ஸ்டனில் மகிழ்ச்சியாக இல்லை என்பது ஊரறிந்த செய்தி. அவரே பிற்காலத்தில் யுனைடெட் வேர்ல்டு கல்லூரிகளின் அனைத்துலகத் தலைவராக இருந்தார் என்பது வேறு கதை. ஹான் வழி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது.

சேர்க்கை முறை பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான மாணவர்கள் அவரவர் நாட்டுத் தேசியக் குழு வழியாகத் தேர்வாகிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுப்பது இந்த அமைப்பின் பழைய வழக்கம். ஆகவே கட்டணத்தைப் பார்த்தவுடன் கைவிட வேண்டாம், உதவித்தொகை கிடைத்தே தீரும் என்று கடன் வாங்கியும் வைக்க வேண்டாம். படிப்பு இரண்டு ஆண்டு ஐபி. அங்கே ஆண்டு தொடங்குவது கோடை முடிந்து. சாதாரண நிலைத் தேர்வு நவம்பரில் முடிந்தால் நடுவில் நீண்ட இடைவெளி விழும். அந்த மாதங்களில் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே காத்திருப்பதுதான் நல்லது. இடம் கிடைக்காவிட்டால் ஆண்டு வீணாகாது.

தமிழையும் கேளுங்கள். தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படித்துத் தேர்வெழுதும் வழி ஐபியில் உண்டு. அதில் தமிழை எடுக்க ஏற்பாடு செய்வார்களா, வழிகாட்டி ஒருவரை ஒத்துக்கொள்வார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கால அட்டவணை இடம் கொடுக்காது. சாதாரண நிலையில் உயர்தமிழ் எழுதுகிறாள் என்றால் அதை நன்றாக முடித்துவிட்டுப் போகட்டும், பிறகு இங்கே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது தாய்மொழித் தகுதி பற்றிய தலைவலி குறையும்.

விடுதிப் பொறுப்பில் இருந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பெற்றோர் பயப்படுவது முதல் வாரத்தைப் பற்றி. பிள்ளைகள் உடைவது முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது. டிசம்பரில் வந்து அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டு, ஜனவரி இருட்டில், நாலரை மணிக்கே சூரியன் மறையும் ஊருக்குப் போவது எளிதன்று. நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் எட்டு மணி நேர வித்தியாசம். இரவு பத்து மணிக்கு அவள் அழுதுகொண்டு அழைத்தால் உங்களுக்குக் காலை ஆறு. அந்த வேளையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பீர்களா என்பதையும் யோசித்து வையுங்கள். அந்தப் பிரிவு தாங்காது என்று தோன்றினால், துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்துக்கு அப்பால் இஸ்கந்தர் புத்ரியில் 2012-இல் திறந்த மார்ல்பரோ கல்லூரி மலேசியாவும் இருபாலர் விடுதிப் பள்ளிதான். வார விடுதி உண்டு, வெள்ளி மாலை வீடு திரும்பலாம். கடலோரக் கோட்டை கிடைக்காது.

தம்பி விஷயம் தனி. சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ ஆன ஆண் பிள்ளை, 13 வயதுக்கு மேல் மூன்று மாதமோ அதற்கு அதிகமோ வெளிநாட்டில் இருக்கத் தேசிய சேவை அதிகாரிகளிடம் வெளிநாட்டுப் பயண அனுமதி வாங்க வேண்டும். வயதையும் காலத்தையும் பொறுத்துப் பெற்றோர் பிணைத்தொகையும் கட்ட நேரிடும், அது சிறிய தொகை அன்று. அக்காவுக்கு இல்லாத கணக்கு இது. அவனுக்கு ஆசை வார்த்தை எதுவும் சொல்வதற்கு முன் தேசிய சேவை இணையவாசலில் அவன் வயதுக்கான விதியைப் பார்த்துவிடுங்கள்.